முன் சீட்டு

எங்கள் அம்மாச்சி காரில் முன் சீட்டில்தான் உட்காருவாள். தாத்தா பின்னால், பிள்ளைகளோடு பிள்ளையாக நெருக்கியடித்துக்கொண்டு வருவார். மன்னார்குடிப் பக்கத்தில் எங்களுடையதைப் போன்ற மிராசு வீடுகளில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் என்பது யாரும் சொல்லித்தராத சட்டம். கல்யாண வீட்டு வாசலில் கார் நின்றதும் பன்னீர்ச் செம்போடு ஓடிவந்து முன் கதவைத் திறக்கிறவர்கள், தாத்தாவை எதிர்பார்த்து அம்மாச்சியைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். அம்மாச்சி சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்குவாள். பின்னாலிருந்து தாத்தா யாருடைய முழங்காலையோ தாண்டி இறங்கி வருவார்.

சொந்தக்காரர்கள் அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். தாத்தாவிடம் நேரடியாகவே கேட்டவர்களும் உண்டு. அவர் சிரித்துக்கொண்டே, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்பார். அம்மாச்சியும் அதையேதான் சொல்வாள். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து திருவாரூர் வரை வெற்றிலை மென்றுகொண்டு வருகிற அம்மாச்சிக்குக் காரில் மட்டும் எப்படி வாந்தி வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் எல்லாரும் நம்புகிற ஒன்றை நம்புவதற்குத் தனியாக மூளை வேண்டியதில்லை.

மற்ற வீடுகளில் சாமிக் கதை, பேய்க் கதை சொல்வார்கள். எங்கள் வீட்டில் எல்லாம் கார்க் கதைகள். தாத்தாவின் முதல் கார் ஒரு பழைய கறுப்பு பிளஷர். அது தானாக ஓடிய தூரத்தைவிட மாடு இழுத்துப் போன தூரம் அதிகம் என்பார்கள். தாத்தா கல்யாணத்தன்று அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஊர்வலம் வர, வாய்க்கால் மதகு ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. பண்ணை மாடுகளை அவிழ்த்துவந்து பூட்டி இழுத்தார்கள். அம்மாச்சி புதுப்பெண்ணாகத் தலை குனிந்தே உட்கார்ந்திருந்ததால், தன்னைக் கொண்டுபோவது எஞ்சினா மாடா என்று வீட்டு வாசலில் இறங்கும்வரை அவளுக்குத் தெரியாது. இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாச்சியும் சேர்ந்து சிரிப்பாள்.

அதற்கு அடுத்தது சாம்பல் நிற அம்பாசடர். அதன் முன்பக்கத்தில் கொடி கட்ட ஒரு கம்பி வைத்திருந்தார் தாத்தா. முதலில் அதில் மூவர்ணம் பறந்தது. ஆட்சி மாறிய கையோடு டிரைவரைக் கூப்பிட்டு, கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி ஒன்று வாங்கிவரச் சொன்னார். அதுவரை தன்னைப் போன்ற மிராசுதார்களை மேடை போட்டுத் திட்டிக்கொண்டிருந்தவர்களின் கொடி. டிரைவர் தயங்கியதும் தாத்தா சொன்னாராம், "கொள்கையெல்லாம் காருக்குத்தான்ப்பா, எனக்கு இல்ல." இதற்கும் சிரிப்பு உண்டு. கொடியால் பயனும் இருந்தது என்று பிறகுதான் சொல்வார்கள்.

அதுதான் அரிசி சீட்டுக் கதை. விருந்தாளிகள் விரும்பிக் கேட்பது அதைத்தான். அந்தக் கதையில் எனக்கு மாமாவாகவோ சித்தியாகவோ வந்திருக்க வேண்டிய ஒரு குழந்தை செத்துப்போகிறது. ஆனால் தாத்தா சொல்கிற கதை அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் அதையும் சிரித்துக்கொண்டே கேட்க முடிந்தது.

அப்போது தஞ்சாவூர் ஜில்லாவை விட்டு நெல்லோ அரிசியோ வெளியே போகக் கூடாது. விளைந்ததில் ஒரு பங்கைச் சர்க்கார் சொல்லும் விலைக்கு லெவியாக அளக்க வேண்டும். மீதியை ஜில்லாவுக்குள்ளேயே விற்க வேண்டும். எல்லைகளில் செக்போஸ்ட் போட்டு வண்டிகளைக் குடைந்தார்கள். அம்மாச்சி பிறந்த வீடு புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் காட்டில். அங்கே மழை பெய்தால் வரகு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. மாமியார் வீட்டுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டுபோய்க் கொடுப்பதாகத்தான் தாத்தா தொடங்கினார். பிறகு அந்த ஊர் மண்டிக்காரர் ஒருவர் எப்போது கேட்டாலும் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். மாமியார் வீட்டுப் பாசம் மாதாமாதம் பொங்கியது.

அரிசி கொண்டுபோன முறை எங்கள் வீட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு. அம்பாசடரின் பின் சீட்டைக் கழற்றி நெல் குதிருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். மன்னார்குடித் தையல்காரர் ஒருவர் அந்த சீட்டின் அளவுக்கே கெட்டித் துணியில் ஒரு உறை தைத்துக் கொடுத்திருந்தார், மெத்தை உறை போல. அதில் அரிசியைக் கொட்டி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்து, வாயைத் தைத்து, மேலே பழைய சீட்டின் ரெக்சின் உறையை மாட்டிவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் சீட்டுதான். முதுகு சாய்கிற பக்கத்துக்கும் அப்படியே ஒன்று. அதன் மேல் அம்மாச்சி உட்காருவாள். மாசமாக இருக்கிற பெண்ணை எழுந்திரு என்று எந்தப் போலீஸ்காரரும் சொல்ல மாட்டார் என்பது தாத்தாவின் கணக்கு.

அதனால் அம்மாச்சி மாசமாக இருந்தாள். வயிற்றில் பழைய சேலையை மடித்துக் கட்டிக்கொள்வாள். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறவள்போலத் தெரிவதற்காக வளையல்காரரைக் கூப்பிட்டு இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டிருந்தார்கள். செக்போஸ்ட் கண்ணில் பட்டதும் அவள் முனகத் தொடங்க வேண்டும். முன் சீட்டில் டிரைவருக்கும் தாத்தாவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அம்மா, அப்போது அவள் சின்னப் பெண், அழத் தொடங்க வேண்டும். அம்மா நன்றாக அழுவாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அழுது முடித்தால் டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுப்பார்.

முனகல்தான் எல்லாவற்றிலும் சிறப்பு என்று தானே முனகிக் காட்டிச் சொல்வார் தாத்தா. நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள் என்பார். அம்மாச்சியும் ஒருமாதிரி பெருமையாக இருந்தாள் என்று நினைக்கிறேன். சமையல்கட்டைத் தாண்டி அவளால்தான் ஆகும் என்று ஒரு காரியம் அந்த வீட்டில் அதுவரை இருந்ததில்லை.

ஊரில் இது யாருக்கும் தெரியாது என்று தாத்தா நம்பினார். ஊர் முழுக்கத் தெரியும். பின்பக்கம் தாழ்ந்து, சக்கரத்தோடு உரசிக்கொண்டு போகிற காரைப் பார்த்தால் அரிசி தூக்கிப் பழகிய எவருக்கும் எடை தெரிந்துவிடும். எங்கள் நிலத்தில் நட்டு அறுத்தவர்களின் தெரு வழியாகத்தான் கார் போக வேண்டும். அந்த வருஷங்களில் அவர்கள் கூலியில் அரைப் படி நெல் கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் செங்கொடி நட்டிருந்தார்கள். அறுப்புக்கு மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்க, உள்ளூர் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து மறிக்க, அடிதடி, போலீஸ், வழக்கு. அரைப் படி கேட்டவர்களைத் தாண்டித்தான் ஒரு சீட்டு நிறைய அரிசி போயிற்று. அந்தத் தெரு வந்ததும் தாத்தா பின் ஜன்னல்களின் திரையை இழுத்துவிடச் சொல்வார். அவர்கள் அம்மாச்சியைப் பார்க்கக் கூடாது என்பதற்கா, அம்மாச்சி அவர்களைப் பார்க்கக் கூடாது என்பதற்கா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கதையில் அவர்கள் வருவதே இல்லை. நான்தான் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

அப்புறம் அம்மாச்சி உண்மையாகவே மாசமானாள்.

வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நில உச்சவரம்பைக் குறைக்கப் போகிறார்கள், ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று மீதியை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பேச்சாக இருந்த சமயம். குடும்பத்தில் தலை கூடினால் நிலமும் கூட வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருந்தது. எனவே பிறக்காத குழந்தைக்கு ஏற்கெனவே மரியாதை. தாத்தாவுக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. இனிமேல் வயிற்றில் துணி கட்ட வேண்டியதில்லை என்று அவர் சொன்னாராம். இதுவும் கதையில் வருகிற வரிதான். சிரிப்புக்கு உத்தரவாதமான வரி.

ஏழாம் மாசத்தில் ஒரு பயணம் போனார்கள். அம்மாச்சி வேண்டாம் என்று சொன்னதாகக் கதையில் இல்லை. அவள் சொல்லவும் இல்லையாம். போய்விட்டு அப்படியே பிரசவம் வரை தாய் வீட்டில் இருந்துவிடலாம் என்று அவளே நினைத்திருக்கிறாள். முதல் தடவையாகப் பொய் இல்லாத பயணம், அரிசியைத் தவிர.

காலையில் கிளம்பினார்கள். பெரிய ரோட்டில் பாலத்துக்கு முன்னால் செங்கொடிக்காரர்கள் கூலிக்காக உட்கார்ந்து மறியல் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே அந்தக் காரை நிறுத்தினால் கதவைத் திறந்து பார்ப்பார்கள் என்று தாத்தாவுக்குப் பயம். ஆற்றங்கரை மண் ரோட்டில் திருப்பச் சொன்னார். மழைக்குப் பிறகு மாட்டு வண்டிகள் உழுதுபோட்டிருந்த ரோடு. ஸ்பிரிங் வைத்த சீட்டாக இருந்தால் பள்ளத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அரிசி எதையும் வாங்கிக்கொள்ளாது. தட்டிச் சமன் செய்த அரிசி கருங்கல் மாதிரி இருக்கும்.

பெரிய ரோட்டில் திரும்ப ஏறி, தஞ்சாவூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அம்மாச்சி முனகினாள். செக்போஸ்டுக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்து, எஜமானியம்மா இன்றைக்கு முன்னாடியே ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். தாத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"இரு, இரு. செக்போஸ்ட் வரட்டும்."

அவள் மறுபடியும் முனகினாள். என்னங்க, என்று கூப்பிட்டாள். அதையும் ஒத்திகை என்றே எடுத்துக்கொண்டார்கள். அம்மாவும் அழத் தொடங்கியதும் தாத்தா அவள் தலையைத் தடவி, கெட்டிக்காரி, கொஞ்சம் மிச்சம் வை என்றார்.

செக்போஸ்டில் கார் நின்றது. கொடியைப் பார்த்துவிட்டு ஒரு போலீஸ்காரர் மரியாதையாக வந்தார். பின்னால் குனிந்து பார்த்தார். அம்மாச்சி வேர்த்துப்போய், வளையல் கைகளால் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். அவர் யோசித்தார். தாத்தா இந்த இடத்தில் கதையை நிறுத்தி, கேட்கிறவர்களைச் சுற்றிப் பார்த்து, போலீஸ்காரரின் குரலிலேயே சொல்வார்.

"போன வருஷமும் மாசமாத்தான இருந்தாங்க?"

அப்புறம் தன் குரலில்.

"அது தங்கல சார். இது அடுத்தது."

கூடம் அதிரச் சிரிப்பார்கள். போலீஸ்காரர் பாவம், உச்சுக்கொட்டிவிட்டு, சீக்கிரம் போங்க சார் என்று தடுப்புக் கட்டையைத் தானே தூக்கிவிட்டார் என்பதோடு கதை முடியும். தாத்தா எழுந்து வெற்றிலைச் செல்லத்தை எடுக்கப் போவார். யாராவது ஒரு சித்தப்பா அம்மாச்சியிடம், அந்த முனகலை ஒரு தடவை செய்து காட்டுங்களேன் என்று கேட்பார். அவளும் மற்றவர்களோடு சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். "மறந்துபோச்சு" என்பாள்.

மிச்சக் கதையை எனக்குச் சொன்னது அம்மா. நான் வேலைக்குப் போய், கடனில் ஒரு சிறிய கார் வாங்கி, அதை ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்திய நாள். அம்மா பின் கதவைத் திறந்து, உட்காருவதற்கு முன்னால் சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். எந்தக் காரில் ஏறினாலும் அப்படிச் செய்வாள். டாக்சி, ஆட்டோ, கல்யாண வேன், எதுவானாலும். தூசு பார்க்கிறாள் என்று இருந்தேன். புதுக் காரில் என்ன தூசு என்று கேட்டேன்.

"அரிசியா இல்லையான்னு பாக்குறேன்" என்றாள்.

பிறகு சொன்னாள், பருப்பு விலையைச் சொல்கிற குரலில். செக்போஸ்ட் தாண்டிய பிறகும் அம்மாச்சியின் முனகல் நிற்கவில்லை. டிரைவர் அம்மாச்சியிடம், தாண்டியாச்சும்மா என்றார். தாத்தாவும், தாண்டியாச்சு, போதும் என்றார். இரண்டு மைல்கல் போன பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். அம்மாச்சி சாய்ந்து கிடந்தாள். அவள் பிடித்திருந்த இடத்தில் தையல் பிரிந்து அரிசி கொட்டிக்கொண்டிருந்தது. ரெக்சின் நனைந்திருந்தது. அம்மா அப்போதும் அழுதுகொண்டிருந்தாள். டிரைவர் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினார்.

அம்மாச்சி பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை என்றார்கள். அம்மாச்சி பிழைத்தாள். அரிசி என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நனைஞ்சத கொட்டிட்டாங்க. மத்தத கழுவிக் காய வச்சாங்க" என்றாள் அம்மா. அந்த அரிசியில் வளையல் துண்டு கிடந்தது. சிவப்பும் பச்சையுமாக. கல் பொறுக்குவதுபோல முறத்தில் போட்டுப் பொறுக்கினார்கள். அம்மாவையும் உட்காரவைத்தார்கள், சின்னக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்று. அதற்குப் பிறகும் சோற்றில் ஒன்றிரண்டு தட்டுப்பட்டது. ஊருக்குத் திரும்பி வந்தபோது தாத்தாவின் அண்ணன் வாசலிலேயே நின்று, ஒரு தலை குறைந்துபோயிற்றே என்றார். அவர் வருத்தப்பட்டது நிலத்துக்காகத்தான் என்றாலும், அந்த வீட்டில் வாய்விட்டு வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

தாத்தா எப்போது இதைக் கதையாகச் சொல்லத் தொடங்கினார் என்று கேட்டேன். அடுத்த தீபாவளிக்கே என்றாள் அம்மா. யாரோ அரிசி சீட்டைப் பற்றிக் கேட்க, அவர் செக்போஸ்ட் வரை சொல்லி நிறுத்தினாராம். சிரித்தார்களாம். அங்கே நிறுத்தினால் போதும் என்று அவர் தெரிந்துகொண்டார். அன்றைக்குக் காரில் ஏறும்போது அம்மாச்சி முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். தாத்தா வெளியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பின்னால் போய் ஏறிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து மரத்துப்போன காலைக் கிள்ளினால், கிள்ளுவது தெரியும், வலிக்காது. அப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அழத் தெரியாது. அம்மா பிறந்த வீட்டுச் சாவுகளுக்கும் சரி, என் அப்பா செத்தபோதும் சரி, ஒப்பாரிக்காரர்கள் நடுவே உலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அழுத்தக்காரி என்றார்கள். அழுகை அவளுக்கு ஒரு வேலையாக இருந்து, அந்த வேலை கெட்டுப்போன கதை அவர்களுக்குத் தெரியாது.

அம்மாச்சிக்கும் அதே மாதிரி ஒரு பெயர் உண்டு, வலி தாங்குகிறவள் என்று. கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுப் போட்டுக்கொண்டாள். பல் பிடுங்கும்போதும் சத்தம் இல்லை. பல் டாக்டர் வீட்டு ஆட்களிடம் பெருமையாகச் சொன்னார். நாங்களும் பெருமைப்பட்டோம். அவள் சத்தம் போடாததற்கு உடம்பில் காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

உச்சவரம்பில் போனது போக, பிள்ளைகள் பிரித்துக்கொண்டது போக, இருந்த கொஞ்ச நிலத்தையும் விற்ற பிறகு அம்பாசடரும் போயிற்று. அந்த டிரைவர் அதற்கு வெகு முன்பே துபாய்க்குப் போன மகன் அனுப்பிய பணத்தில் கூத்தாநல்லூரில் கடை வைத்துக்கொண்டார். செக்போஸ்டை எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு புரோட்டாக் கடை. நான் அந்த வழியாகப் போகும்போது வேகத்தைக் குறைப்பதில்லை.

அம்மாச்சிக்கு வயிற்றில் கட்டி என்று சொன்ன வருஷம், அவளை மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கொண்டுபோய்க் கொண்டுவந்தோம். ஒவ்வொரு தடவையும் முன் சீட்டு. பெல்ட்டை நான் மாட்டிவிடுவேன். தாத்தா பின்னால் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். காது மந்தமாகிவிட்டதால் அவர் பேசுவது குறைந்திருந்தது. அரிசி சீட்டுக் கதையையும் விட்டுவிட்டிருந்தார். கேட்க வருகிறவர்களும் இல்லை.

கடைசித் தடவை போனபோது அவளால் உட்கார முடியவில்லை. பின் சீட்டில் படுக்கவைத்தால்தான் கொண்டுபோக முடியும். தூக்கிக்கொண்டு வந்தபோது முன் கதவின் கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்தேன். அம்மா பின் சீட்டை உள்ளங்கையால் அழுத்தினாள். அம்மாச்சி பார்க்கும்படி, மெத்தென்று அமுங்குவதைக் காட்டி, இரண்டு தடவை அழுத்தினாள். அம்மாச்சி கைப்பிடியைப் பிறகு தேடவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் உட்கார்ந்தாள். தாத்தா முன் கதவருகே வந்து நின்றார். வேறு இடம் இல்லை. எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார்.

நடு மத்தியானம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். அம்மாச்சியின் முகத்தில் வலி தெரிவதாகக் கண்ணாடியில் பார்த்தேன். உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்திருந்தாள். சத்தம் இல்லை. வடுவூர் ஏரி தாண்டும்வரை தாத்தா நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சிரமப்பட்டு உடம்பை முழுசாகத் திருப்பி, சீட்டின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவர் அப்படித் திரும்பி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வலிச்சா கத்திரு" என்றார். "அடியில ஒண்ணும் இல்ல. நெசமாவே ஒண்ணும் இல்ல. கத்திரு."

அம்மாச்சி கண்ணைத் திறந்தாள். அவருக்குச் சொன்னாளா, யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. குரல் தெளிவாக இருந்தது.

"செக்போஸ்ட் வந்துருச்சா?"

தாத்தாவுக்குக் காதில் விழுந்தது. அம்மா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் இருந்தேன்.

"வந்துருச்சு அம்மாச்சி" என்றேன்.

அவள் முனகத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல். நான் அதற்கு முன் அவளிடமிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. தாத்தா அதை எப்போதும் தப்பாகத்தான் செய்து காட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. அவர் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வண்டிய நிறுத்து" என்றார். "நிறுத்தும்மா. அவளுக்கு நெசமா வலிக்குது."

நிறுத்தி என்ன செய்வது. ஆஸ்பத்திரி இன்னும் தூரத்தில் இருந்தது. அவர் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.